ரெண்டும் கறுப்புதானே

நாளை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. மொன்டானாவின் சாய்ந்த காலை வெயில் கராஜுக்குள் விழ, நாடீன் மூச்சை அடக்கித் தராசு முள்ளையே பார்க்கிறாள். மேசையில் முடுக்கிய, தோட்டாவில் அடைக்கும் வெடிமருந்துக் குப்பியின் கைப்பிடியை இழுக்கிறாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே எடை விழவேண்டும். கறுப்பு மணிகள் சரசரவென்று கிண்ணத்தில் விழுகின்றன. முள் ஏறுகிறது. அடுத்த இழுப்பில் இறங்குகிறது. ஹீட்டரை அணைக்கிறாள், கதவைச் சாத்துகிறாள், கிண்ணத்தைத் துடைக்கிறாள். முள் ஒரே இடத்தில் நிற்பேனா என்கிறது. காப்பிக் கோப்பையோடு வந்து நிற்கிறான் புருஷன் ராய்ஸ். "நேத்து நீ சாப்பிடப் போனப்போ குப்பி கொறஞ்சிருந்துது. செவப்பு டப்பாவுலேருந்து நான்தான் ரொப்பி வெச்சேன்" என்கிறான், பெரிய உபகாரம் செய்தவன்போல. நாடீன் கைப்பிடியை விட்டுத் திரும்புகிறாள். "அது பிஸ்டல் மருந்துய்யா! ரைபிள்ல போட்டா குழாயே வெடிச்சுடும்!"

"ரெண்டும் கறுப்புதானே?"

"எலி மருந்தும் வெள்ளைதான். காப்பியில கலக்கித் தரட்டுமா?"

நேற்று கைப்பிடியை நம்பி அவள் நிறுக்காமலே அடைத்த தோட்டாக்கள், பெட்டியில் பளபளவென்று வரிசையாக நிற்கின்றன. தோட்டா பிரிக்கும் சுத்தியலை எடுத்து அவன் கையில் திணிக்கிறாள். "உட்காரு. ஒவ்வொண்ணாப் பிரி."

"அத்தனையுமா? அதுல நல்லதும் இருக்குமே!"

"அப்போ எது நல்லதுன்னு நீயே பொறுக்கிக் குடு. நாளைக்கு அந்தத் துப்பாக்கியில ஒட்டியிருக்கப் போறது என் கன்னம்."

ராய்ஸ் கோப்பையைக் கீழே வைக்கிறான்.