இருட்டு வைத்தியம்

"டாக்டர், எல்லாத்தையும் கெடுத்துட்டேன். கதவைத் திறந்துட்டேன்!"

வந்தவர் நாற்காலியில்கூட உட்காரவில்லை. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் 'விசில்'. மைதானத்தையே அதட்டும் குரல் இன்று கெஞ்சியது. பின்னாலேயே வந்த மனைவி சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.

"எந்தக் கதவை?"

"வீட்டுக் கதவைத்தான். கொரியர்காரர் தட்டினாரேன்னு பழக்கதோஷத்துல திறந்துட்டேன். வெயில் அப்படியே இவ மேல விழுந்துடுச்சு. மருந்தெல்லாம் உடம்பு முழுக்கக் கொட்டியிருக்குமே!"

அவளுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கண்ணுக்குத் தெரியாத பாலிமர் பொட்டலங்களில் மருந்தை அடைத்து ரத்தத்தில் ஏற்றியிருந்தார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் பொட்டலம் பிரியும். மற்ற உறுப்புகளை மருந்து தொடாது.

"அதுக்காக வீட்டையே இருட்டாக்கிட்டீங்களா?"

"ஊசி போட்டதுலேர்ந்து அப்படித்தான். ஜன்னலுக்கெல்லாம் போர்வை. ஸ்கேன் எடுக்க இங்க வந்தப்பகூட இவளைத் தலையோட காலா போர்த்தித்தான் கூட்டிட்டு வந்தேன். தடவித் தடவித்தான் சமையல். உப்புன்னு நினைச்சு சர்க்கரையைப் போட்டுட்டேன். மகராசி, வாயைத் திறக்காம சாப்பிட்டா."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"வாத்தியாரே, நாங்க குழாய் வழியா உள்ளே விட்டுக் காட்டுற விளக்குக்குத்தான் அது பிரியும். வெயிலுக்கெல்லாம் அசையாது. காட்டின இடத்துல வேலையும் செஞ்சிருக்கு. இதோ பாருங்க ஸ்கேனை, கட்டி பாதிக்கு மேல சுருங்கிடுச்சு."

விசில் தொப்பென்று உட்கார்ந்தார். மனைவியின் தோளைத் தட்டினார். மேசையைத் தட்டினார். டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன் பிறகுதான் உறைத்தது.

"அப்ப, இத்தனை நாள் இருட்டு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். யார் சொன்னது?"

"இவதான் சொன்னா. அந்தப் பொட்டலத்தை ஆய்வகத்துல உட்கார்ந்து செஞ்சதே இவளாச்சே டாக்டர்! இவளுக்குத் தெரியாததா?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கணவரின் சட்டைக் காலரை மெல்லச் சரிசெய்தாள்.

"ஊசி போட்ட அன்னிக்கு கரண்ட் போச்சே, அப்பதாங்க நீங்க முதல் தடவையா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்க. கரண்ட் வந்ததும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு எனக்குத் தைரியம் சொல்ல ஆரம்பிச்சிட்டீங்க. அதான், வெளிச்சமே ஆகாதுன்னு சொல்லிட்டேன்."