விட்டதற்கான வரி

விசையை அழுத்தினால் திரையில் ஒரு வரி வரும், விட்டால் இன்னொரு வரி. அவை சரியாக வருகின்றனவா என்று பார்ப்பதுதான் பவ்யாவின் வேலை. எந்தக் கணினியிலும் கீபோர்டையும் மவுஸையும் ஒரே மாதிரிப் புரிந்துகொள்கிற நிரல் ஒன்றை அந்த அம்பத்தூர் அலுவலகம் எழுதியிருந்தது. அது இன்று பிழையில்லாமல் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தால் அவள் வேலை நிரந்தரமாகும்.

மூன்று மணிக்கு அவள் K-ஐ அழுத்தப் போனாள். அழுத்துவதற்கு முன்பே அதற்கான வரி திரையில் இருந்தது. அடுத்து எதை அழுத்த நினைத்தாலும் அதுவும் அங்கே இருந்தது. வரிகளில் குறித்திருந்த நேரம் மூன்று பதினொன்று வரை போயிற்று. கடைசி வரியில் ஸ்பேஸ் பார் அழுத்தப்பட்டிருந்தது. விட்டதற்கான வரி இல்லை.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜெகதீஷ் அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். எதையும் தொட்றாதீங்க."

பக்கத்து இருக்கைக்காரர் சில நிமிடம் கழித்து நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். "இன்னாம்மா, பேய் பூந்துகிச்சா? டைம் தப்பா கீது, அவ்ளோதான்."

"வேணாம்ணா."

"கை வெக்காம இன்னா டெஸ்ட் பண்ணுவ? தள்ளு."

சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் ஸ்பேஸ் பாரை அழுத்தினார். மணி மூன்று பதினொன்று.

விரல் எழவில்லை. சிரித்த முகமும் மாறவில்லை.

"ஜெகா, டீ வந்துச்சு," என்று பின்வரிசையில் யாரோ கூப்பிட்டார்கள்.

பவ்யா அந்த விரலைப் பிடித்துத் தூக்கினாள். விரல் மேலே வந்துவிட்டது. ஸ்பேஸ் பார் மட்டும் அழுந்தியே இருந்தது.