முதல்ல நீ செஞ்சு காட்டு

“ஒத்தைக் கால்ல நில்லுங்க சார். நான் பத்து வரைக்கும் எண்ணுவேன். கை நாற்காலி மேலயே இருக்கட்டும்.”

வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண் எண்ண ஆரம்பித்தாள். மூன்று வருவதற்குள் அப்பா ஆடி அசைந்து, “ஐயோ!” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு இதெல்லாம் பிடிபடல. டீச்சரம்மா, முதல்ல நீ செஞ்சு காட்டு.”

“இதைப் போய் செஞ்சு வேற காட்டணுமா?” என்று முனகிக்கொண்டே அம்மா எழுந்தாள். முதுகை நிமிர்த்தி, நாற்காலியில் விரல் நுனியை வைத்து, ஒற்றைக் காலில் நின்றாள். அந்தப் பெண் பத்து எண்ணி முடித்தாள்.

“இப்பவாவது புரிஞ்சுதா?”

“பாதி புரிஞ்சுது. இன்னொரு காலையும் காட்டு.”

அம்மா இன்னொரு காலிலும் நின்று காட்டினாள்.

சோபாவில் உட்கார்ந்திருந்த மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம், “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்று அப்பா போனில் சொன்னபோது அவளுக்கு உயிரே போய்விட்டது. இன்னொரு முறை விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும், அப்புறம் படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். இப்போதுதான் லீவு கிடைத்து ஒரு வாரத்துக்கு ஓடி வந்திருந்தாள். வந்து பார்த்தால் அவர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார், அம்மா கால் மாற்றிக் கால் நின்றுகொண்டிருக்கிறாள்.

அம்மா முப்பத்திரண்டு வருஷம் டிரில் டீச்சராக இருந்தவள். யாராவது கோணலாக நின்றாலே அவளுக்குப் பொறுக்காது. அப்பாவோ உத்தியோகம் முழுக்க ஆபீஸ் நாற்காலியிலேயே ஓட்டியவர். அந்த சுகம் லேசில் விடுமா?

நேற்று இதைவிட மோசம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எட்டு முறை எழுந்து உட்கார வேண்டும். வழக்கம்போல அம்மாதான் செய்து காட்டினாள். ஏழாவது முறை எழும்போது, “எத்தனை ஆச்சு? பராக்கு பாத்துட்டேன். மறுபடி ஒண்ணுலேருந்து வா” என்றார் அப்பா. கூசாமல் சொன்னார். திட்டிக்கொண்டே அம்மாவும் ஒன்றிலிருந்து வந்தாள்.

இன்று அடுத்த பயிற்சி நடை. தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் அடிமேல் அடி வைத்து நேராக நடக்க வேண்டும். அப்பா இரண்டு அடி வைத்தார். உடனே சுவரைப் பிடித்தார்.

“தப்பு, தப்பு! ஏன் தரையைப் பாக்கறீங்க? நேரா பாருங்க!” அம்மா அதட்டினாள். “தள்ளுங்க, நான் நடக்கறேன்.”

தெரபிஸ்ட் சட்டென்று அம்மாவுக்குப் பின்னால் போய்விட்டாள். இடுப்பருகே கையைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

மகளால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

“ஏங்க, பேஷன்ட் அங்க ஆடிக்கிட்டு நிக்கிறார். நீங்க பாட்டுக்கு அம்மா பின்னாடி போறீங்களே! அவர் விழுந்தா யார் பிடிப்பாங்க?”

தெரபிஸ்ட் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

“சார்தான் சுவரைப் பிடிச்சிருக்காரே மேடம்...” என்று மென்று விழுங்கினாள் அவள்.

நல்ல கூட்டணி! அவர் டிமிக்கி கொடுக்கிறார், இவள் கண்டுகொள்வதில்லை. நாளைக்கே வேறு ஆளைப் பார்த்துவிட வேண்டும் என்று மகள் முடிவு செய்துகொண்டாள்.

தெரபிஸ்ட் கிளம்பிப் போனதும் அப்பாவும் எங்கோ வெளியே கிளம்புவதற்காகத் தன் அறைக்குள் போனார். மூக்குக் கண்ணாடியை ஹாலிலேயே விட்டிருந்தார். எடுத்துக்கொண்டு போன மகள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அப்பா அறை நடுவில் எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நின்று சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். முதலில் வலது, அப்புறம் இடது. போதாக்குறைக்கு விசில் வேறு.

அவர் பார்ப்பதற்குள் மகள் விடுவிடுவென்று சமையலறைக்குப் போனாள். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா உன்னை நல்லா ஏமாத்தறார். அவருக்கு ஒரு ஆட்டமும் இல்ல, என் கண்ணால பாத்தேன். எல்லாத்தையும் உன் தலையில கட்டிட்டு உக்காந்து வேடிக்கை பாக்கறார். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுடறேன்!”

அம்மா குழாயை மூடினாள்.

“கத்தாத. எனக்குத் தெரியும்.”

“தெரியுமா? தெரிஞ்சுமா இந்தக் கூத்துக்கு ஆடற?”

“பாத்ரூம்ல விழுந்தது நான்டி.”

மகள் கையிலிருந்த கண்ணாடியை மேடை மேல் வைத்தாள்.

“அதுக்கு முன்னாடி மாடிப்படியில ஒரு தடவை. டாக்டர் எனக்குத்தான் இந்தப் பயிற்சியை எழுதிக் கொடுத்தார். ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் டிரில் சொல்லிக்கொடுத்தவளுக்கே டிரில்லான்னு நான் அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வேற வாங்கினேன். நாலு நாள் கழிச்சுத் திடீர்னு இவர் தள்ளாட ஆரம்பிச்சார், தனக்குன்னு சொல்லி இந்தப் பொண்ணையும் வரவழைச்சார். முதல் நாள் இடது கால் வரலேன்னார், மறுநாள் வலது கால் வரலேன்னார். எனக்குப் புரியாதா?”

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“போன மாசம் நாலு எண்ணற வரைக்கும் நிக்க முடியல என்னால. இன்னைக்குப் பத்து நின்னேன், பாத்தல்ல?” என்றாள் அம்மா. சொல்லும்போதே டீச்சர் முகத்தில் ஒரு பெருமை.

“அப்புறம் என்னம்மா? உனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடேன். பாவம், எதுக்கு அவர் தினமும் நடிச்சுக்கிட்டு...”

“மூச்சு விடக்கூடாது நீ!” அம்மா ஹால் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நாப்பத்தாறு வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட சொல்லாத பொய் இல்ல. எனக்காகச் சொன்ன பொய் இது ஒண்ணுதான். கெடுத்துடாத.”