ஞாயிறு கார்ட்டூன், தமிழில் வஜிஹா

"அது பேய் இல்ல கண்ணுங்களா, பஸ் கண்டக்டர்" என்றாள் வஜிஹா.

டிவியில், பனிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு உருவம் வந்து அம்மா மானின் முன்னால் நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளுக்கென்று போடுகிற கார்ட்டூனாம் இது!

"தெவ்வா! தெவ்வா!" என்று கன்னடத்தில் அலறிக்கொண்டு திம்மப்பன் தரையில் குப்புற விழுந்தான்.

"தெவ்வாவும் இல்ல, பிசாசும் இல்ல. எந்திரிடா. அம்மா மானுக்கு டிக்கெட் கொடுக்க வந்திருக்காரு."

"மூஞ்சி எங்க ஆன்ட்டி?"

"ஓசூர் குளுரு தாங்கல. மப்ளர் சுத்தியிருக்காரு."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். திம்மப்பன்கூட எழுந்து உட்கார்ந்தான்.

வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டு ராஜாத்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெங்களூரில் எம்.ஏ. படிக்கிறாள். லீவுக்கு நேற்றுதான் வந்திருந்தாள். ஹாஸ்டலில் வடநாட்டுப் பெண்களோடு சண்டை போட்டுப் போட்டே இந்தி பழகியவள்.

அந்த லைன் வீடுகளில் டிவி இருந்தது வஜிஹா வீட்டில் மட்டும்தான். கார்ட்டூன் இந்தியில் ஓடும். உருது தெரிந்த வஜிஹா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, கம்பெனித் தொழிலாளிகளின் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்கும்.

கறுப்பு உருவம் கையை நீட்டியது. அம்மா மான் அதன் பின்னாலேயே நடந்து பனிக்குள் மறைந்தது. அழுகிற குட்டியிடம் ஒரு கிழட்டு ஆந்தை இந்தியில் சொன்னது: உன் அம்மா செத்துவிட்டாள், இனிமேல் வரமாட்டாள்.

"ஆந்தை என்னா சொல்லுது ஆன்ட்டி?" என்று கேட்டான் குட்டிப் பையன் வெங்கடசாமி. மூலை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கங்கப்பனின் மகன். அக்கா பாப்பம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா ஊருக்குப் போயிருக்காளாம். வர்றதுக்குள்ள குட்டி ஒழுங்கா சாப்பிட்டு வளரணுமாம்."

"அக்கா! அது அப்படிச் சொல்லவே இல்ல!" என்றாள் ராஜாத்தி.

வஜிஹா எட்டி டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

கார்ட்டூன் முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடியதும் ராஜாத்தி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க பண்றதுக்கு என்னாக்கா பேரு?"

"எதுக்கு?" வஜிஹா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

"செத்துட்டாங்குது ஆந்தை. நீங்க ஊருக்குப் போயிருக்காங்கறீங்க."

"சின்னப் பசங்க. பயந்துக்கும்."

"பயப்படட்டுமே! பயந்தாத்தான் ஏன், எதுக்குன்னு கேக்கும். இந்தி தெரியாததுங்கன்னா என்ன வேணா சொல்லலாமா? கம்பெனில மேனேஜர் இங்கிலீஷ்ல ஒண்ணு சொல்வான், சூப்பர்வைசர் தமிழ்ல வேறொண்ணு சொல்வான், நம்மாளுங்க தலையாட்டிட்டு வருவாங்க. அதேதான் இதுவும்!"

"மெதுவா பேசு. எங்க வீட்டுக்காரரும் சூப்பர்வைசர்தான்."

"சிரிக்காதீங்கக்கா. குழந்தைன்னா உண்மை தெரிஞ்சுக்க உரிமை இல்லியா? அடுத்த வாரம் நான் சொல்றேன் கதை. உள்ளதை உள்ளபடி."

வஜிஹாவின் கை நின்றது.

"வேணாம் ராஜாத்தி."

"ஏன்?"

"வேணாம்னா விடேன்."

"ஒரு காரணம் சொல்லுங்க. நியாயமா இருந்தா ஒத்துக்கறேன்."

வஜிஹா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "காரணமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள், அரிசியைப் பார்த்துக்கொண்டே.

"பாத்தீங்களா! காரணமே இல்லாம ஒரு பொய். அடுத்த வாரம் வரைக்கும் எதுக்கு? இப்பவே போய்ச் சொல்றேன்."

"ஏய், நில்லுடி!"

முறத்தை வைத்துவிட்டு வஜிஹா எழுவதற்குள் ராஜாத்தி வெளியே போய்விட்டாள்.

பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் இங்க வாங்க!" என்று கை தட்டினாள் ராஜாத்தி. "அந்த மான் கதை நெஜமா என்னன்னு நான் சொல்றேன்."

பஸ் நின்றது. வெங்கடசாமிதான் முதலில் ஓடி வந்தான். அவன் கிட்டே வருவதற்குள் பாப்பம்மா குறுக்கே புகுந்து அவனைத் திருப்பி நிறுத்தினாள்.

"டேய், நீதான் டிரைவர். நீ வந்துட்டா பஸ் யாரு ஓட்டறது? போ, போ. திம்மப்பா, இவனக் கூட்டிட்டுப் போ."

பஸ் மறுபடி கிளம்பியது. பாப்பம்மா ராஜாத்தியின் கையைப் பிடித்துத் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, ஆன்ட்டியத் திட்டாதீங்க. மாத்திச் சொல்லச் சொன்னது நான்தான்."

"நீயா?"

"போன வாரம் முடியறப்போ அந்தக் கறுப்பு ஆளக் காட்டினாங்க. அம்மா மானத்தான் கூட்டிட்டுப் போவப் போறான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. தம்பிய விட்டுட்டு வரலாம்னா, அழுது ஊரக் கூட்டுவான். அதான் ஆன்ட்டிகிட்ட சொன்னேன். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டேன்."

ராஜாத்தி திரும்பிப் பார்த்தாள். வஜிஹா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். கிட்டே வரவில்லை.

"என்ன சொல்லக் கூடாதுன்னு?"

பாப்பம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்கம்மா செத்துப்போனது அவனுக்குத் தெரியாதுக்கா. கொஞ்சம் பெரியவனாகட்டும், நானே சொல்லிக்கறேன்."