மூட்டை மூட்டையாய் லீவு

ஆஸ்பத்திரி வராந்தாவில், சக்கர நாற்காலியில், ஒரு கண்ணில் கட்டோடு அப்பா உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நிற்கும் சின்னவனின் சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்கிறது, கம்பெனி சூப்பர்வைசர். அரசாங்க உத்தியோகம் பார்க்கும் பெரியவன் மருந்துப் பையை நாற்காலிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, கடமை முடிந்த மாதிரி கிளம்பப் பார்க்கிறான். அவன் சட்டையில் குத்தியிருக்கும் சங்கத்து பேட்ஜ் வெயிலில் பளபளக்கிறது. “அண்ணே, இன்னைக்கு ஒருநாள் நீ இருண்ணே. நான் வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்னுட்டான்.” “எப்படிடா? லீவைக் குறைக்கிறாங்கன்னு மத்தியானம் ஆபீஸ் வாசல்ல ஆர்ப்பாட்டம். நான் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?” “உனக்குத்தான் லீவு மூட்டை மூட்டையாக் கிடக்கே!” “அதைத் தொட முடியுமா? ரிடையராகும்போது அத்தனையும் காசுடா. நீங்களும் சங்கம் வைக்கணும், கேக்கணும்.” “கேட்டவன் எவன்ணே இப்ப வேலையில இருக்கான்?” கட்டுப் போடாத கண் சிவக்க அப்பா நிமிர்கிறார். “போடா, போய்த் தொண்டை கிழியக் கத்து. பெத்தவனுக்கு ஆகாத லீவு எவனுக்குடா?” பெரியவன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு படி இறங்குகிறான். சின்னவன் நாற்காலியைத் தள்ளுகிறான். பாதி வராந்தா தாண்டியதும் அப்பா மெதுவாகக் கேட்கிறார், “போன் நின்னுடுச்சாடா?” அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறான். “நின்னுடுச்சுப்பா.”