நாலாவது தேசிக்காய்

“டப்!”

கார்ச் சில்லுக்கு அடியில் ஏதோ வெடித்ததும் தாரிணி பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள். வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள்.

“தேசிக்காயப்பா! இதுக்கே பயந்தால் எப்பிடி கட்விக் எயார்போட் மட்டும் ஓடப்போறாய்?” என்றான் கணவன் ரதீசன்.

வெம்பிளி கோயில் வாசலில் அவளுடைய காருக்குப் பூசை அப்போதுதான் முடிந்திருந்தது. பழைய கார்தான், பிறந்தநாளுக்கு ரதீசன் வாங்கித் தந்தது. ஐயருக்கு முழங்கால் வருத்தம் என்று, நாலு சில்லுகளுக்கு அடியிலும் அவனே குனிந்து தேசிக்காய் வைத்தான்.

அவனுடைய அக்கா சுவர்ணா மட்டும் சிரிக்கவில்லை. “தம்பி எனக்குத் தாறனெண்டு சொன்ன கார். ம்... நீயாவது ஓடு” என்றாள்.

தாரிணி அதைக் கேளாதவள்போல ரதீசனிடம் திரும்பினாள். “டயரில காத்துக் குறைஞ்சால் லைட் எரியுமோ?”

“இந்தப் பழசில ஏது சென்சர்? அது இல்லாமல்தானே சனம் இவ்வளவு காலமும் ஓடினது. எனக்கு ஷிப்ட்டுக்கு நேரமாச்சு. அம்மாவின்ர பிளேன் இறங்கப்போகுது, எம்25 மோட்டர்வேயில ஏறி வேகமா அமத்திப் பிடி.”

எம்25-இல் ஏறிச் சிறிது தூரத்தில் கார் இடப்பக்கம் இழுத்தது. வெளியே வீசும் காற்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

பின்னால் ஒரு வெள்ளை வான் ஒட்டிக்கொண்டு வந்தது. லைட்டை அடித்து அடித்துக் காட்டியது. ஹோர்னை விடாமல் அழுத்தியது.

லைட் அடித்து மறித்து நகை பறிக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் வந்தது அவளுக்கு நினைவு வந்தது. கோயிலுக்குப் போட்ட பதக்கச் சங்கிலி இன்னும் கழுத்தில் கிடந்தது. வேகத்தைக் கூட்டினாள். ஸ்டியரிங் கைக்குள் உதறியது.

வான் பக்கத்தில் வந்தது. கண்ணாடியை இறக்கி ஒருவர் கத்தினார்.

“பிள்ளை! சில்லில காத்தில்லை! மெல்லமா ஓரங்கட்டு!”

தமிழ்! காரின் முன்னால் கிடந்த பூமாலையைப் பார்த்திருக்க வேண்டும். தாரிணி வேகத்தைக் குறைத்தாள். கார் ஒருமுறை இடப்பக்கம் போன ஒரு லொறியை நோக்கிச் சாய்ந்து, தள்ளாடி, ஓரத்தில் போய் நின்றது. ரப்பர் கருகிய மணம் எழுந்தது.

வானில் வந்தவர் ஆனந்தராஜா. நோர்பரியில் மரக்கறிக் கடைக்காரர். அவளைத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கவைத்துவிட்டு, முன் சில்லின் அருகில் குனிந்தார்.

“இன்னும் கொஞ்சம் போயிருந்தால் டயர் கழண்டு லொறிக்குக் கீழதான் போயிருப்பாய்” என்றவர் சட்டென்று நிறுத்தினார். “இதென்ன?”

டயரில் நீளமான ஓர் ஆணி ஏறியிருந்தது. அதன் தலைக்கு அடியில், நசுங்கிய தேசிக்காய்த் தோல்.

ஆனந்தராஜாவின் குரல் தாழ்ந்தது. “தேசிக்காயில ஆணி குத்தி வைச்சிருக்கு. இது செய்வினை, பிள்ளை. ஆருக்கு உன்னில எரிச்சல்?”

தாரிணிக்குச் சுவர்ணாவின் முகம் கண்முன் வந்தது.

அப்போது போன் அடித்தது. ரதீசன்! அவளுக்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. ஸ்பீக்கரைப் போட்டு ஆனந்தராஜாவிடம் நீட்டினாள்.

“ஹலோ, இது தாரிணியின்ர போன்தான். நான் எம்25-இல நிண்டு கதைக்கிறன்...”

அவர் முடிப்பதற்குள் ரதீசன் ஓவென்று அழத் தொடங்கினான்.

“ஐயோ! என்ர மனுசியின்ர பிரேதத்தை எங்க வைச்சிருக்கிறியள்?”