குழாய்க்குப் பின்னால் இருந்த செய்தி

ஏழு வயது கோபிகாவின் சிறுநீரைக் காலையில் கண்ணாடிக் குழாயில் பிடித்து, மூன்று சொட்டு மருந்து விட்டு, செய்தித்தாளுக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். குழாய் வழியே எழுத்து தெரிந்தால் பயமில்லை. வெளுத்து எழுத்தை மறைத்துவிட்டால் சிறுநீரகத்திலிருந்து புரதம் ஒழுகுகிறது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். அம்மா சுகந்திக்கு டாக்டர் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். தினமும் தாளைத் தேடுவானேன் என்று அவள் ஒரு துண்டைக் கத்தரித்து அடுக்களைச் சுவரில் ஒட்டிவிட்டாள். எட்டு மாதமாகக் குழாயை அதன்முன் பிடித்து அதைத்தான் வாய்விட்டுப் படித்தாள். அதைக் காதால் கேட்ட பிறகுதான் மகள் பள்ளிக்கூடப் பையைத் தூக்குவாள்.

இன்று குழந்தையின் இமைகள் வீங்கி, கண் பாதிதான் திறந்தது.

“எழுத்து மறைஞ்சா அன்னிக்கே வரணும்னு சொன்னேனேம்மா?” என்றார் டாக்டர்.

“மறையவே இல்லீங்க டாக்டர். காலைலகூடப் படிச்சேன்.”

அவர் குழந்தையின் சிறுநீர் இருந்த ஒரு குழாயில் மருந்தை விட்டார். பாலாக வெளுத்தது. மேசையில் கிடந்த அன்றைய தாளின்மேல் அதை வைத்தார்.

“இப்பப் படிங்க.”

சுகந்தி குனிந்தாள். “அணை நிரம்பியதால் விவசாயிகள்...” என்று வாய் தானாகத் தொடங்கியது. அது வீட்டுச் சுவரில் இருக்கும் செய்தி. இங்கே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பாதியில் நிறுத்திவிட்டாள்.

அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்த கோபிகா, முந்தானையை இழுத்துக் காதோடு எடுத்துக் கொடுத்தாள்.

“மகிழ்ச்சி அடைந்துள்ளனர்மா.”